115–0–115: ஒலிப்பதிவுக் கூடத்தில் சமநிலை மின்சாரம் எதைத் தீர்க்கும், எதைத் தீர்க்காது

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். வளசரவாக்கத்தில் ஒரு வீட்டு மாடியில் இரண்டு அறைகளை ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றியிருக்கிறீர்கள். எட்டு மைக் உள்ளீடுகள் கொண்ட ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் கட்டுப்படுத்தும் இரண்டு கம்ப்ரஸர், ஒரு கீபோர்டு, லேப்டாப், இரண்டு மானிட்டர் ஸ்பீக்கர், பாடுபவர் வரிகளைப் பார்த்துப் பாடுவதற்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி ஆகியவை இருக்கின்றன. பாட்டின் அமைதியான இடங்களில் ஒரு ஹம்மும் அதன்மேல் ஒரு கரகரப்பும் கேட்கின்றன. 115–0–115 வோல்ட் தரும் 5 கே.வி.ஏ. ‘பேலன்ஸ்டு’ (சமநிலை) டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைப் பொருத்தினால் இரைச்சல் முழுவதும் போய்விடும் என்று ஒரு விற்பனையாளர் சொல்லியிருக்கிறார். வாங்கலாமா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு வாங்க வேண்டாம் என்பதே என் பதில். அந்த முறை பொய்யானது என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. அது ஒரு குறிப்பிட்ட வகை இரைச்சலை மட்டும், அதுவும் ஓரளவுக்கு மட்டும் குறைக்கும். நீங்கள் விவரித்திருக்கும் கூடத்தில் அந்த வகை இரைச்சல் மிகச் சிறிய பங்கையே வகிக்கும் என்பது என் கணிப்பு. அந்தக் கணிப்புக்கான காரணங்களையும், எந்தச் சூழலில் இதே டிரான்ஸ்ஃபார்மரை நானே பரிந்துரைப்பேன் என்பதையும் கீழே எழுதுகிறேன்.

நம் ஊர் மின் இணைப்பில் நியூட்ரல் கம்பி மின்வாரியத்தின் டிரான்ஸ்ஃபார்மரிலேயே நிலத்தோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே அது எர்த்தோடு ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்க, ஃபேஸ் கம்பி மட்டும் எர்த்திலிருந்து 230 வோல்ட் ஏறியிறங்குகிறது. சமநிலை மின்சாரத்தில் உள்ளீட்டையும் வெளியீட்டையும் மின்தொடர்பின்றிப் பிரித்துவைக்கும் ஒரு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரின் வெளியீட்டுச் சுற்றை, அதாவது கம்பிச் சுருளை, நட்டநடுவில் பிரித்து, அந்த நடுமுனையை எர்த்தோடு இணைக்கிறோம். அப்போது இரண்டு கம்பிகளும் எர்த்திலிருந்து 115 வோல்ட் தொலைவில் நிற்கின்றன. ஒன்று ஏறும் கணத்தில் மற்றது அதே அளவு இறங்குகிறது. கருவிக்குக் கிடைப்பது அதே 230 வோல்ட்தான். இது அரிய ஏற்பாடும் அன்று. அமெரிக்க வீடுகளுக்கு வரும் மின்சாரமே 120–0–120 வோல்ட் என்ற வடிவில், நடுமுனை நிலத்தோடு பிணைக்கப்பட்டுத்தான் வருகிறது; அங்கே 240 வோல்ட் அடுப்பும் துணி உலர்த்தியும் இத்தகைய சமநிலை மின்சாரத்தில்தான் ஓடுகின்றன. பிரிட்டனில் கட்டுமானத் தளங்களில் பயன்படும் 110 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர்கள், 55–0–55 என்று நடுமுனை எர்த் செய்யப்பட்டவை. அங்கே நோக்கம் தொழிலாளியின் பாதுகாப்பு.

ஒலிப்பதிவுக் கூடங்களுக்கு இதைக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்காவின் மார்ட்டின் கிளாஸ்பேண்ட். 1990-களின் முற்பகுதியில் பல கூடங்களில் சமநிலை இல்லாத ஆடியோ இணைப்புகள் (சிக்னலுக்கு ஒரே கம்பியும், திரும்பும் பாதையாகக் கேபிளின் உலோக உறையும் மட்டுமே உள்ளவை) கொண்ட கருவிகள் நிறைந்து, அவற்றோடு ஹம்மும் நிறைந்திருந்த காலத்தில், அவர் 60–0–60 வோல்ட் முறையை விடாமல் வலியுறுத்தினார். அமெரிக்காவின் தேசிய மின் விதித்தொகுப்பு 1996-ஆம் ஆண்டுப் பதிப்பில் திரைப்பட, தொலைக்காட்சிக் கூடங்களுக்கான 530-ஆம் பிரிவில் இம்முறைக்கு இடமளித்தது. 2002-இல் அது 647 என்ற தனிப் பிரிவாகியது. அந்த 647-ஆம் பிரிவைப் பிறகு பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது மீண்டும் எடுக்கிறேன், ஏனெனில் விற்பனையாளர்கள் அதன் பெயரைச் சொல்லுவார்களே தவிர, அதிலுள்ள நிபந்தனைகளைச் சொல்லுவதில்லை.

இந்த முறை எப்படி வேலை செய்கிறது என்பதைக் கணக்கோடு பார்ப்பது நல்லது. மூன்று முனை பிளக் கொண்ட பெரும்பாலான மின்னணுக் கருவிகளின் நுழைவாயிலில் ஒரு வடிகட்டி இருக்கும். அதில் ஃபேஸிலிருந்து உலோக உடலுக்கு ஒரு கெபாசிட்டரும், நியூட்ரலிலிருந்து உடலுக்கு அதே மதிப்பில் இன்னொன்றும் இருக்கும். மதிப்பு பெரும்பாலும் 2.2 முதல் 4.7 நானோ ஃபாரட். சாதாரண மின்சாரத்தில் நியூட்ரல் பக்கக் கெபாசிட்டரின் இரு முனைகளும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருப்பதால் அதில் எதுவும் ஓடாது. ஃபேஸ் பக்கத்தில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 4.7 நானோ ஃபாரட் என்று வைத்தால் சுமார் 0.34 மில்லி ஆம்பியர் எர்த் கம்பிக்குள் கசியும். இருபது கருவிகள் இருந்தால் ஏறத்தாழ 7 மில்லி ஆம்பியர். இந்தக் கசிவுதான் எர்த் கம்பிகளிலும் ஆடியோ கேபிள்களின் ஷீல்டுகளிலும் (உலோக உறைகளிலும்) ஓடி ஹம்மாக மாறுகிறது. சமநிலை மின்சாரத்தில் இரண்டு கெபாசிட்டர்களிலும் 115 வோல்ட் எதிரெதிர்த் திசையில் விழுவதால் ஒன்றின் கசிவை மற்றது ரத்து செய்துவிடும். அந்தக் கெபாசிட்டர்கள் ஒன்றுக்கொன்று 20 விழுக்காடு வேறுபட்டால்கூட எஞ்சும் கசிவு 0.034 மில்லி ஆம்பியர்தான். பத்தில் ஒரு பங்கு, அதாவது 20 டெசிபெல் குறைவு. அமெரிக்காவின் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸோடு ஒப்பிட்டால் அதே கெபாசிட்டர் நம் மின்சாரத்தில் 1.6 மடங்கு கசியும் என்பதால், இந்த முறைக்கான நியாயம் நம் ஊரில் இன்னும் சற்றுக் கூடுதல் என்றே சொல்லலாம்.

காகிதத்தில் இவ்வளவு அழகாக இருப்பது கூடத்தில் ஏன் அப்படி நடப்பதில்லை? எல்லாக் கருவிகளிலும் அந்த இரண்டு பாதைகளும் சமமாக இருப்பதில்லை என்பது முதற்காரணம். பழைய பாணி டிரான்ஸ்ஃபார்மர் வைத்த கருவிகளில், முதல் சுற்றின் எந்த முனை இரண்டாம் சுற்றுக்கும் இரும்புக்கும் அருகில் இருக்கிறதோ அந்த முனையிலிருந்துதான் பெரும்பங்கு கசியும். அந்த முனை ஃபேஸில் இருந்தால், சமநிலை மின்சாரம் அதன் வோல்டேஜைப் பாதியாக்கும். கிடைப்பது வெறும் 6 டெசிபெல். அதே முனை நியூட்ரலில் இருந்தால் நிலைமை தலைகீழ்: இதுவரை கசிவே இல்லாதிருந்த இடத்தில் 115 வோல்ட் வந்து உட்கார்ந்து புதிதாகக் கசியத் தொடங்கும். சமநிலை மின்சாரம் போட்ட பிறகு குறிப்பிட்ட ஒரு கருவி மட்டும் முன்னைவிட அதிகமாக இரைவதற்கு இதுவே காரணம், அது கற்பனையும் இல்லை. ஜென்சன் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளராக இருந்த பில் விட்லாக், ஆடியோ இணைப்புகளின் இரைச்சலைப் பற்றிப் பல்லாண்டுகள் ஆராய்ந்து எழுதியவர். நடைமுறையில் சமநிலை மின்சாரத்தால் கிடைக்கும் குறைவு பெரும்பாலும் 10 டெசிபெலுக்குள் அடங்கிவிடும், 15 டெசிபெலை எட்டுவது அரிது என்பது அவர் கருத்து. என் அனுபவமும் அவர் பக்கமே சாய்கிறது.

இரண்டாவது காரணம் இதைவிட முக்கியமானது. அந்தக் கசிவு உங்கள் ஹம்மில் எவ்வளவு பங்கு என்பதைப் பாருங்கள். ஒரு கருவியின் 0.34 மில்லி ஆம்பியர் முழுவதும் சமநிலை இல்லாத இணைப்பான ஒரு ஆர்.சி.ஏ. கேபிளின் ஷீல்டு வழியே ஓடுகிறது என்றும், முனைகளின் தொடர்பையும் சேர்த்து ஷீல்டின் தடை 0.1 ஓம் என்றும் கொள்வோம். உண்டாகும் இரைச்சல் 34 மைக்ரோ வோல்ட். வீட்டுத் தரக் கருவிகளின் இயல்பு அளவான 316 மில்லி வோல்ட்டோடு ஒப்பிட்டால் அது 79 டெசிபெல் கீழே இருக்கிறது. மானிட்டருக்கு அருகில் காதை வைத்தால் ஒருவேளை கேட்கலாம். இப்போது வேறொரு நிலைமை: இரண்டு கருவிகள் இரு வேறு சுவர்ப் பிளக் பாயின்ட்களில் செருகப்பட்டிருக்கின்றன, அந்த இரண்டு பாயின்ட்களின் எர்த் முனைகளுக்கு இடையே 10 மில்லி வோல்ட் வேறுபாடு இருக்கிறது. அதில் பாதி ஷீல்டின்மேல் விழுந்தாலே இரைச்சல் 5 மில்லி வோல்ட். இயல்பு அளவுக்கு 36 டெசிபெல் மட்டுமே கீழே. பாட்டுக்கு நடுவில் தெளிவாகக் கேட்பது இதுதான். முன்னதற்கும் இதற்கும் 40 டெசிபெலுக்கு மேல் இடைவெளி. சிறியதை மேலும் சிறிதாக்கப் பணம் செலவழித்துப் பெரியதை அப்படியே விட்டுவைப்பதில் பயனில்லை.

அந்த 10 மில்லி வோல்ட் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு நீண்ட காலம் கசிவு மின்னோட்டம் என்றே பதில் சொல்லிவந்தோம். அதில் உண்மை உண்டு. 7 மில்லி ஆம்பியர் கசிவு, 20 மீட்டர் நீளமுள்ள 1 சதுர மில்லிமீட்டர் எர்த் கம்பியின் 0.36 ஓம் தடையில் ஓடினால் 2.5 மில்லி வோல்ட் உண்டாகும். ஆனால் 2010-ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டி மாநாட்டில் விட்லாக்கும் ஜேமி ஃபாக்ஸும் கொடுத்த ஆய்வுக்கட்டுரை, அதைவிடப் பெரிய ஒரு காரணத்தைச் சுட்டிக்காட்டியது. ஒரே குழாய்க்குள் ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் தனித்தனிக் கம்பிகளாகக் குழம்பிக் கிடக்கும்போது, ஃபேஸும் நியூட்ரலும் எர்த் கம்பியிலிருந்து சம தூரத்தில் இருப்பதில்லை. ஆகவே அவற்றில் ஓடும் சுமை மின்னோட்டத்தின் காந்தப்புலம் எர்த் கம்பியின் நீளம் முழுவதும் ஒரு வோல்டேஜைத் தூண்டுகிறது. சுவருக்குள் நமக்குத் தெரியாமல் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் உருவாகிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அதன் தூண்டல் அதிர்வெண் ஏற ஏறக் கூடும் என்பதால், கம்ப்யூட்டர் பவர் சப்ளைகள் உறிஞ்சும் கூர்மையான மின்துடிப்புகள் ஹம்மாக அல்லாமல் கரகரப்பாகவே கேட்கும். நீங்கள் சொன்ன இரண்டாவது சத்தம் அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இந்தத் தூண்டலுக்குக் காரணம் மின்னோட்டம். எர்த்திலிருந்து கம்பி எத்தனை வோல்ட்டில் நிற்கிறது என்பதற்கு அதில் பங்கே இல்லை. 230–0 என்றாலும் 115–115 என்றாலும் கம்பிகளில் ஓடும் ஆம்பியர் ஒன்றுதான், ஆகவே காந்தப்புலமும் ஒன்றுதான். சமநிலை மின்சாரம் இந்த இரைச்சலைத் தொடவே தொடாது. நம் ஊர் வீட்டு வயரிங்கை நினைத்துப் பாருங்கள்: பி.வி.சி. குழாய்க்குள் தனித்தனி ஒற்றைக் கம்பிகள், ஒரே குழாயில் இரண்டு மூன்று சுற்றுகள், பக்கத்து அறை ஏ.சி.க்குப் போகும் கம்பியும் அதிலேயே. அந்த ஆய்வுக்கட்டுரை விவரித்த மோசமான அமைப்பு நம் சுவர்களுக்குள் வழக்கமாகவே இருக்கிறது. இதற்கு மருந்து மிக எளியது, மலிவானதும்கூட. மின்பலகையிலிருந்து கூடத்துக்கு மூன்று கோர் வட்டக் கேபிள் ஒன்றைத் தனியாக இழுக்க வேண்டும். அதற்குள் மூன்று கம்பிகளும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு சம தூரத்தில் போவதால் தூண்டல் ரத்தாகிவிடுகிறது. குழாயில் ஒற்றைக் கம்பிகள்தான் போட முடியும் என்றால் ஃபேஸையும் நியூட்ரலையும் நெருக்கமாக முறுக்கிவிட்டு எர்த்தை அதன் பக்கத்தில் விட வேண்டும். பிறகு ஒலிக் கருவிகள் அனைத்தையும் அந்த ஒரே கேபிளின் முடிவில், ஒரே பிளக் பலகையிலிருந்து எடுக்க வேண்டும். அப்படிச் செய்தால் கசிவு மின்னோட்டமும் எல்லோருக்கும் பொதுவான கம்பியில் ஓடி மின்பலகைக்குப் போய்விடும். கருவிக்கும் கருவிக்கும் இடையே வேறுபாட்டை உண்டாக்காது.

இங்கேதான் சமநிலை மின்சாரத்தின் புகழில் ஒரு பகுதி எப்படி வந்தது என்பதும் புரிகிறது. அந்தப் பெட்டியின் முகப்பில் பத்துப் பன்னிரண்டு பிளக் பாயின்ட்கள் இருக்கும். வாங்கியவர் அதுவரை நாலு சுவர்களில் சிதறிக் கிடந்த கருவிகளை எல்லாம் கழற்றி அதில் செருகுகிறார், ஹம் விழுகிறது, புகழ் நடுமுனைக்குப் போய்விடுகிறது. கூடவே அந்தப் பெட்டிக்குள் இருக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர், தெருவிலிருந்து வரும் நியூட்ரலின் ஆட்டத்தைத் துண்டித்துப் புதிய எர்த் பிணைப்பைத் தருகிறது. இரண்டு சுற்றுகளுக்கும் நடுவே செப்புத் தகட்டுத் திரை இருந்தால் உயர் அதிர்வெண் இரைச்சலில் ஒரு பகுதியையும் தடுக்கிறது. இவை மெய்யான நன்மைகள், ஆனால் சமநிலையால் வந்தவை அல்ல. ஒரு கூடத்தில் இதைப் பிரித்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. முதலில் எல்லாக் கருவிகளையும் ஒரே பலகைக்கு மாற்றினோம். அடுத்து டிரான்ஸ்ஃபார்மரை நுழைத்து, வெளியீட்டின் ஒரு முனையை எர்த்தோடு இணைத்து 230–0 ஆக ஓட்டினோம். கடைசியாக நடுமுனையை எர்த் செய்தோம். ஒவ்வொரு படியிலும் அமைதியைப் பதிவுசெய்து 50, 100, 150 ஹெர்ட்ஸ் முகடுகளை அளந்தபோது, முன்னேற்றத்தின் பெரும்பங்கு முதல் படியிலேயே வந்துவிட்டது. மூன்றாவது படியில் வந்த மாற்றத்தை அளவியில்தான் பார்க்க முடிந்தது, காதில் கேட்க முடியவில்லை.

சமநிலை மின்சாரத்துக்கு எட்டாத வேறு சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். கிதார் பிக்கப் பக்கத்து டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்தைப் பிடிப்பதை அது தடுக்காது. லேப்டாப் அடாப்டருக்குள் பிறக்கும் ஸ்விட்சிங் இரைச்சலும், மின்விசிறி ரெகுலேட்டரும் எல்.இ.டி. டிம்மரும் போடும் கூச்சலும் அதற்கு அப்பாற்பட்டவை. கருவியின் உள்ளேயே ஷீல்டு முனை உலோக உடலுக்குப் போகாமல் சர்க்யூட் போர்டுக்குள் போகும் வடிவமைப்புத் தவறும் அப்படியே. 1995-இல் நீல் மன்சி விரிவாக எழுதி ‘பின்-1 குறைபாடு’ என்று பெயர்பெற்ற அந்தத் தவறைத் தவிர்க்கவே 2005-இல் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியின் ஏ.இ.எஸ்.-48 என்ற தரநிலை வந்தது. அந்தக் குறைபாடுள்ள ஒரு கம்ப்ரஸர் எந்த மின்சாரத்திலும் இரையும். அதைத் திருத்த வேண்டும், அல்லது மாற்ற வேண்டும்.

எப்போது நான் இதைப் பரிந்துரைப்பேன்? சமநிலை இல்லாத வெளியீடுகள் கொண்ட பழைய கருவிகள் பல ரேக்குகளில் நிறைந்து, அவற்றை ஒவ்வொன்றாக மாற்ற மனமோ வசதியோ இல்லாத கூடம் ஒன்று. வால்வு ஆம்ப்ளிஃபயர்களையும் ரிப்பன் மைக்குகளையும் வைத்து மிக உயர்ந்த கெயினில் மெல்லிய இசையைப் பதிவுசெய்யும் கூடம் இன்னொன்று. பல அறைகளில் பரவிய பெரிய கூடத்தில் எல்லாவற்றையும் ஒரே பலகைக்குக் கொண்டுவர முடியாதபோது, கசிவை வேரிலேயே குறைப்பதற்கு நியாயம் உண்டு. அங்கெல்லாம் கடைசி 6 முதல் 10 டெசிபெல் மதிப்புள்ளது. வயரிங்கும் இணைப்புகளும் சரியான பிறகு வரும் கடைசிப் படியாக அது அமைய வேண்டும்.

இனி பாதுகாப்பு. இதைப் பற்றி விற்பனையாளர் உங்களிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உண்மையான கவலை இங்கேதான். நம் நாட்டு வயரிங் பழக்கம் முழுவதும் ‘நியூட்ரல் உயிரற்றது’ என்ற நம்பிக்கையின்மேல் நிற்கிறது. சுவிட்ச் ஃபேஸை மட்டும் துண்டிக்கிறது. கருவியின் உள்ளே இருக்கும் ஃபியூஸும் பெரும்பாலும் ஒரு கம்பியில்தான் இருக்கிறது. சமநிலை மின்சாரத்தில் அந்த இரண்டாவது கம்பியும் 115 வோல்ட்டில் உயிரோடு இருக்கிறது. சுவிட்சை அணைத்துவிட்டோம் என்று நம்பி ஒருவர் கருவியைத் திறந்தால் உள்ளே பாதிச் சுற்று உயிரோடு இருக்கும். ஃபியூஸ் போனாலும் அப்படியே. திருகு வகைப் பல்பு ஹோல்டரில் வெளித்திருகே 115 வோல்ட்டில் நிற்கும். எலக்ட்ரீஷியன் டெஸ்டரை வைத்துப் பார்த்தால் வலது ஓட்டையிலும் எரியும், இடது ஓட்டையிலும் எரியும். ‘நியூட்ரல் விட்டுப்போச்சு சார்’ என்று சொல்லி, விவரம் தெரியாமல் ஒரு பக்கத்தை எர்த்தோடு பிணைத்தால் பாதிச் சுற்று ஷார்ட் ஆகும். எர்த்தைத் தொட்டுக்கொண்டு ஒரு கம்பியைத் தொடுபவருக்கு 230-க்குப் பதிலாக 115 வோல்ட் என்பது உண்மையிலேயே நன்மைதான். ஆனால் இரண்டு கம்பிகளையும் தொடுபவருக்கு முழு 230 காத்திருக்கிறது.

இவ்வளவையும் மனத்தில் கொண்டுதான் அமெரிக்காவின் 647-ஆம் பிரிவு எழுதப்பட்டது. அது இம்முறையை வணிக, தொழில் வளாகங்களில், தகுதியுள்ளவர்கள் பராமரிக்கும் இடங்களில் மட்டுமே அனுமதிக்கிறது. இரண்டு கம்பிகளையும் ஒன்றாகத் துண்டிக்கும் பிரேக்கர், ஒவ்வொரு பிளக் பாயின்ட்டுக்கும் கசிவுப் பாதுகாப்பு, விளக்குகளை இணைக்கக் கூடாது என்ற எச்சரிக்கைப் பலகை ஆகியவற்றைக் கட்டாயமாக்குகிறது. அதுவும் எர்த்திலிருந்து 60 வோல்ட் மட்டுமே உள்ள அமைப்புக்கு. நம்முடையது 115 வோல்ட். நாம் அதைவிடக் குறைந்த கவனத்தோடு இருக்க எந்த நியாயமும் இல்லை. ஆகவே டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின் எல்லாச் சுற்றுகளிலும் இரட்டை முனை எம்.சி.பி. (மின்னோட்டம் மிகுந்தால் துண்டிக்கும் பிரேக்கர்), இரட்டை முனை சுவிட்ச் கொண்ட பாயின்ட்கள், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கசிவைக் கண்டு துண்டிக்கும் பிரேக்கர்) ஆகியவை வேண்டும். வீட்டின் நுழைவாயிலில் ஏற்கெனவே ஆர்.சி.சி.பி. இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால் நடக்கும் கசிவு அதன் கண்ணுக்குத் தெரியாது. புதிய ஒன்று டிரான்ஸ்ஃபார்மரின் வெளியீட்டுப் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும்.

தோட்டத்தில் தனியாக ஒரு ‘சுத்தமான எர்த்’ குழி தோண்டி, நடுமுனையை அதில் மட்டும் இணைக்கச் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நல்ல குழி என்றாலும் 5 ஓம் தடை இருக்கும் என்று கொள்வோம். வீட்டு ஃபேஸ் கம்பி ஒன்று அந்தக் குழியோடு மட்டும் இணைந்த கருவியின் உடலைத் தொட்டுவிட்டால் அதிகபட்சம் 46 ஆம்பியர்தான் ஓடும். 32 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு உடனே விழாது, அதுவரை கருவியின் உலோக உடல் உயிரோடு நிற்கும். கோடையில் குழி காய்ந்தால் நிலைமை இன்னும் மோசம். கூடத்தின் எர்த்தும் கட்டிடத்தின் எர்த்தும் ஒன்றோடொன்று தடித்த கம்பியால் பிணைந்தே இருக்க வேண்டும். ஹம் போவதற்காக எர்த் முனையை வெட்டிவிடும் பழக்கத்தைப் பற்றியும் இதையேதான் சொல்வேன்: மைக்கில் உதடு வைத்துப் பாடும் ஒரு மனிதர் அந்தக் கேபிளின் மறுமுனையில் நிற்கிறார்.

உங்கள் கூடத்தில் நான் தொடங்கும் இடம் தொலைக்காட்சிப் பெட்டி. அதற்குக் கேபிள் டிவி அல்லது டிஷ் கம்பி வருகிறதென்றால், அந்தக் கம்பியின் ஷீல்டு எங்கோ ஓரிடத்தில் வேறொரு எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். எச்.டி.எம்.ஐ. வழியாக அது லேப்டாப்புக்கும், அங்கிருந்து இன்டர்ஃபேஸுக்கும் வந்துவிடுகிறது. அந்த ஆன்டெனாக் கம்பியை ஒரு நிமிடம் கழற்றிக் கேளுங்கள். அடுத்து லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டிக் கேளுங்கள். கரகரப்பு மறைந்தால் குற்றவாளி அடாப்டர். பிறகு மானிட்டர் ஸ்பீக்கர்களின் உள்ளீட்டைக் கழற்றி, அங்கிருந்து பின்னோக்கி ஒவ்வொரு இணைப்பாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். எந்த இணைப்பில் ஹம் நுழைகிறதோ அந்த இணைப்பை மட்டும் சரிசெய்தால் போதும். கீபோர்டில் என்றால் கீபோர்டின் சிக்னலைச் சமநிலைச் சிக்னலாக மாற்றித் தரும், டிரான்ஸ்ஃபார்மர் வைத்த டி.ஐ. பாக்ஸ் ஒன்று அந்த ஹம்மை வேரோடு அறுக்கும். கம்ப்ரஸர்கள் சமநிலை இல்லாத வெளியீடு கொண்டவை என்றால், அங்கே இரண்டு கோர் ஷீல்டு கேபிள் போட்டு, சிக்னலை ஒரு கோரிலும் அதன் கிரவுண்ட் முனையை இன்னொரு கோரிலும் இன்டர்ஃபேஸின் சமநிலை உள்ளீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். ஷீல்டின்மேல் விழும் இரைச்சலை அந்த உள்ளீடே பெருமளவு தள்ளிவிடும். இவை அனைத்தும் முடிந்த பிறகு மேலே சொன்ன மூன்று கோர் கேபிளையும் ஒற்றைப் பலகையையும் போடுங்கள். ஏ.சி., விளக்கு, மின்விசிறி எதுவும் அதில் வேண்டாம்.

அதற்குப் பிறகும் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் உங்களைத் தொந்தரவு செய்தால், அப்போது டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுபவரிடம் போகலாம். 5 கே.வி.ஏ. உங்களுக்குத் தேவையில்லை, நீங்கள் கொடுத்த பட்டியலைக் கூட்டினால் சுமை 1 கிலோவாட்டை ஒட்டியே வருகிறது, அதற்கு 3 கே.வி.ஏ. தாராளம். பெரிதாக வாங்கினால், அதுவும் வளைய வடிவ டொராய்டாக வாங்கினால், போடும் கணத்தில் இழுக்கும் மின்னோட்டத்தில் வீட்டின் எம்.சி.பி. அடிக்கடி விழும். வெளியீட்டில் தனித்தனியாக இரண்டு 115 வோல்ட் சுற்றுகளை, இரண்டு கம்பிகளையும் சேர்த்துப் பிடித்து ஒரே நேரத்தில் சுற்றித் தரச் சொல்லுங்கள். அப்போதுதான் இரண்டு பாதிகளும் உண்மையிலேயே ஒத்திருக்கும். நடுவில் செப்புத் திரை வேண்டும், அதன் முனை எர்த்துக்குத் தனியாக வெளியே வர வேண்டும். நம் மின்சாரம் சில இரவுகளில் 250 வோல்ட்டைத் தாண்டுவதால், அந்த அளவிலும் இரும்பு காந்தப்புலத்தால் நிறைவடையாதபடி வடிவமைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் டிரான்ஸ்ஃபார்மரே உறுமத் தொடங்கும். அதை மாடிப்படிக்கு வெளியே, ரப்பர் தாங்கிகளின்மேல், மைக் கேபிள்கள் போகாத இடத்தில் வையுங்கள். முதலில் 230–0 ஆக இணைத்து ஒரு நிமிட அமைதியைப் பதிவுசெய்துவிட்டு, பிறகு 115–0–115 ஆக மாற்றி அதே கெயினில் மறுபடி பதிவுசெய்யுங்கள். இரண்டு பதிவுகளின் முகடுகளையும் எனக்கு எழுதி அனுப்பினால், நடுமுனையை வைத்துக்கொள்வதா, அல்லது அதை வெறும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மராகவே விட்டு நியூட்ரலை நியூட்ரலாக இருக்கவிடுவதா என்று அந்த எண்களைப் பார்த்துச் சொல்கிறேன்.